நாபா பள்ளத்தாக்கில் ஒரு பகல்

குடும்பத்தார் கூடியிருந்து வாசிக்கும் இதழ் ஒன்றில் மதுவைப் பற்றி எழுதுவது தகுமா என்று பல நாள் தயங்கினேன். எழுதாமலே விட்டிருப்பேன். ஆனால் அந்தக் கல் மாளிகையில் கழித்த ஒரு பகல், ஊர் திரும்பி மாதங்கள் சென்ற பின்னும் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகவே வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் தந்தையார் சிற்றூர் ஒன்றில் உபதேசியாராக இருந்தவர். அதிகாலைப் பூசைக்கு இரசக் குப்பியும் தண்ணீர்க் குப்பியும் நிரப்பி வைப்பது சிறுவனாயிருந்த என் பொறுப்பு. சக்ரீஸ்துவின் மர அலமாரியில் பூட்டி வைத்த புட்டியை அப்பாதான் எடுத்துத் தருவார். விரலில் ஒரு துளி சிந்தினாலும் அதைத் துடைக்க விடமாட்டார். துளசிச் செடியின் அடியில் கையைக் கழுவி வரச் சொல்வார். எழுந்தேற்றத்துக்கு முன் அது வெறும் இரசந்தானே என்று பின்னாளில் நான் கேட்டதுண்டு. "எதற்காக வைத்திருக்கிறதோ அதற்கு மரியாதை" என்பது அவருடைய விடை.

நான் அறிந்த மற்றொரு மது என் அண்ணனைக் கொண்டுபோன சாராயம். நாற்பத்தொரு வயதில் ஈரல் கெட்டு இறந்தார். அடக்கம் முடிந்த இரவு அம்மா என்னைப் பாடுபட்ட சுரூபத்தின் முன் நிறுத்தி, இனி இந்த வீட்டில் ஒருவரும் அதைத் தொடுவதில்லை என்று வாக்கு வாங்கினார். அதற்குப் பிறகு அண்ணனுடைய பெயரையே எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. ஆக, பூட்டிய அலமாரிக்குள் ஒரு மது, பூட்டில்லாத தெருவில் ஒரு மது. இவ்விரண்டையும் தவிர வேறொன்று உண்டென்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கலிபோர்னியாவிலுள்ள என் தங்கை மகன் வீட்டில் சில வாரம் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை அவன், "மாமா, நாபா பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வரலாம். நீங்கள் ஒன்றும் குடிக்க வேண்டியதில்லை. இடம் அழகாக இருக்கும்" என்றான். எனக்கு விருப்பமில்லை. ஆனால் விடுமுறை நாளில் மாமனுக்காகக் காரெடுக்கும் பிள்ளையிடம் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஏறத்தாழ ஐம்பது மைல் சென்றால் நாபா நகரம் வருகிறது. அங்கிருந்து வடமேற்கே முப்பது மைல் நீளத்துக்குப் பள்ளத்தாக்கு விரிகிறது. அகலம் மிகக் கூடிய இடத்திலும் ஐந்து மைல்தான் இருக்கும். இருபுறமும் மலைத்தொடர், நடுவே ஒரு சிற்றாறு, எஞ்சிய நிலமெல்லாம் திராட்சை. நம் பக்கத்தில் பந்தலில் படர விடுவதைப் போலன்றி, கம்பி கட்டிய வரிசைகளில் இடுப்பளவு உயரத்தில் கொடிகளை வளர்க்கிறார்கள். வரிசை பிசகாத பச்சை. காலையில் தென்புறக் குடாவிலிருந்து மூடுபனி எழுந்து பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியை நிரப்புகிறது. நண்பகலுக்குள் அது கலைந்து வெயில் சுடுகிறது. இரவின் குளிர் பழத்தில் புளிப்பைக் காக்கிறது, பகல் வெயில் இனிப்பை ஏற்றுகிறது. இந்நாட்டுத் திராட்சையின் பெருமைக்கெல்லாம் காரணம் இவ்விரண்டுக்கும் இடையே நடக்கும் இழுபறிதான் என்றான் மருமகன்.

வழியில் அவன் காட்டிய ஊர்ப்பெயர்கள் பலவற்றை மறந்துவிட்டேன். ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் காரை மெதுவாக்கச் சொன்னேன். ரதர்போர்டு என்னும் ஊரில் போலியு என்ற பழைய மதுச்சாலை இருக்கிறது. 1920-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது, 1933 திசம்பர் வரை நீடித்தது. நூற்றுக்கணக்கான மதுச்சாலைகள் கதவடைத்தன. ஆனால் வழிபாட்டுக்குரிய இரசத்துக்குச் சட்டம் விலக்களித்திருந்தது. போலியுவை நிறுவிய ஜார்ஜ் த லத்தூர் என்னும் பிரெஞ்சுக்காரர், நாடெங்கும் உள்ள குருக்களுக்குப் பூசை இரசம் அனுப்பியே அப்பதின்மூன்று ஆண்டுகளையும் கடந்தார். அந்த ஆண்டுகளில் குருக்கள் வாங்கிய இரசம் முழுதும் பீடத்துக்குத்தான் போயிற்றா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள்.

செயின்ட் எலேனா ஊரைத் தாண்டியதும் சாலையோரத்தில் கோட்டை போன்ற பெரிய கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. பெயர் கிரேஸ்டோன். பல்லாண்டுகள் இது லசாலே அருட்சகோதரர்களின் உடைமையாக இருந்தது என்று கேட்டதும் எனக்கு வியப்பு. நம் நாட்டில் பள்ளிக்கூடங்களால் நாம் அறிந்த அதே சபையினர்தாம். 1932-இல் அவர்கள் நாபா மலைப்பகுதிக்கு வந்து நவசந்நியாச இல்லம் அமைத்து, பூசை இரசமும் பிறகு விற்பனைக்கான மதுவும் செய்து, அதன் வருவாயால் கல்விக்கூடங்களைத் தாங்கினார்கள். சகோதரர் திமொத்தேயு என்பவர் 1935 முதல் அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலவறைப் பொறுப்பாளராக இருந்தார். 1989-இல் சபையினர் மதுத்தொழிலை விற்றுவிட்டார்கள். கிரேஸ்டோன் இப்போது சமையற்கலைக் கல்லூரி.

செயின்ட் எலேனாவில் புனித எலேனா ஆலயத்தின் முன் இறங்கிச் சற்று நேரம் நின்றோம். இந்தப் பள்ளத்தாக்கின் பழத்தைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த ஏழை மக்கள், நம்மைப் போலவே ஞானஸ்நானம் பெற்றவர்கள். அறுவடை இரவில் நடக்கிறது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு. பகல் சூட்டில் பறித்தால் பழம் கெடும் என்பதே காரணம். பறிப்பவர் உடலுக்கும் குளிர்ச்சி நல்லதுதானே என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் படுக்க இடம்? 2000-ஆம் ஆண்டை ஒட்டிய அறுவடைக் காலங்களில் பலர் ஆற்றங்கரையிலும் வாகனங்களிலும் உறங்கினார்கள். அப்போது இவ்வாலயத்தின் பங்குத் தந்தை கோவில் வளாகத்தைத் திறந்துவிட்டார். ஊரில் முணுமுணுப்பு எழாமலில்லை. 2002-இல் திராட்சைத் தோட்டக்காரர்கள் ஏக்கருக்கு இவ்வளவென்று தங்கள்மேல் தாங்களே வரி விதித்துக்கொண்டு தொழிலாளர் விடுதிகளை நடத்த உடன்பட்டார்கள். பழம் விலைபோகும் அளவுக்கு இந்த விடுதிகள் போதுமானவையா என்பது வேறு கேள்வி.

பள்ளத்தாக்கின் வடகோடியில் கலிஸ்தோகா. அங்கிருந்து டப்ஸ் சந்து என்னும் சிறுசாலையில் திரும்பினோம். எதிரே 4,300 அடிக்கு மேல் எழுந்து நிற்கிறது புனித எலேனா மலை. 1880-இல் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் என்னும் எழுத்தாளர் மணமான புதிதில் மனைவியோடு இம்மலைமேல் கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கத்தின் குடிலொன்றில் சில வாரம் குடியிருந்து, அதைப் பற்றி நூலும் எழுதினார். மலையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கித்தான் நாங்கள் காணச் சென்ற மாளிகைக்கு 'மோன்டெலீனா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சாலையின் பெயருக்குரிய ஆல்பிரட் டப்ஸ் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் கயிறு திரித்து விற்றுச் செல்வரானவர். கப்பல்கள் மிகுந்த துறைமுகத்தில் கயிற்றுக்கு என்ன குறை! 1882-இல் இங்கே 254 ஏக்கர் நிலம் வாங்கி, மலைச்சரிவைக் குடைந்தாற்போல் கல்லால் ஒரு மதுச்சாலை எழுப்பினார். சுவரின் கனம் சில இடங்களில் மூன்று அடி, சில இடங்களில் பன்னிரண்டு அடி என்கிறார்கள். குளிரூட்டும் பொறி இல்லாத காலத்தில் அதுவே குளிரூட்டும் பொறி. பிரெஞ்சு நாட்டுக் கோட்டை முகப்பைப் போன்ற தோற்றம், மேலெல்லாம் கொடி படர்ந்து கல்லே தெரியாத அளவுக்குப் பசுமை. மதுவிலக்கு வந்தபோது இங்கும் தொழில் நின்றது. 1958-இல் யோர்ட் பிராங்க் என்னும் சீனரும் அவர் மனைவியும் இவ்விடத்தை வாங்கினர். இழந்துவந்த தாய்நாட்டின் நினைவாகக் கீழே ஓர் ஏரி வெட்டி, அதற்குப் பச்சைக்கல் ஏரி என்று பெயரிட்டு, சிறு தீவுகளும் வளைந்த பாலமும் சீன மண்டபங்களும் அமைத்தார்கள். பிரெஞ்சுக் கோட்டை, சீன ஏரி, அமெரிக்க மலை. கேட்பதற்குப் பொருந்தாதது போலிருக்கும். நேரில் பார்த்தால் தண்ணீரும் தாழ்ந்த மரக்கிளைகளும் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

டப்ஸ் என்ற பெயரை வேறொரு காரணத்துக்காகவும் அந்நாட்டார் மறக்கமாட்டார்கள். 2017 அக்டோபர் 8, ஞாயிறு இரவு, இச்சந்துக்கு அருகில் பற்றிய நெருப்பு கடுங்காற்றில் மலையைத் தாண்டி, சில மணி நேரத்தில் சாந்தா ரோசா நகருக்குள் புகுந்தது. 22 பேர் மாண்டனர். 5,600-க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. நாபா மாவட்டமும் அடங்கிய சாந்தா ரோசா மறைமாவட்டத்தின் கார்டினல் நியூமன் உயர்நிலைப்பள்ளி பெரும்பகுதி சாம்பலாயிற்று. மாணவர்கள் சுற்றுப்புறப் பங்குகளில் உட்கார்ந்து படித்தார்கள். தீ தொடங்கிய இடத்துக்கு அருகிலிருந்த மோன்டெலீனா தப்பியது. காற்று வேறு பக்கம் வீசியது, அவ்வளவே. தப்பியவர்கள் அதை எப்படிப் பேசுவதென்று அறியாதவர்களாய்க் குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கண்டேன்.

இனி அந்த மதுவுக்கு வருகிறேன்.

மோன்டெலீனாவின் பெயரை உலகறியச் செய்தது ஷார்டொனே என்னும் வெண்திராட்சையால் ஆன வெள்ளை மது. வெள்ளை என்றது பேச்சு வழக்கு. நிறம் வெளிறிய பொன் போன்றது. இத்திராட்சையின் தாயகம் பிரான்சு நாட்டுப் பர்கண்டி. அங்கே நடுக்காலத்தில் சிஸ்டர்சியன் துறவியர் எந்த மண்ணில் எந்தக் கொடி நன்கு வரும் என்று தலைமுறை தலைமுறையாய்ப் பார்த்துப் பார்த்துத் தெளிந்தார்கள். வேடிக்கை என்னவெனில், மோன்டெலீனா மாளிகையைச் சுற்றியுள்ள தோட்டத்தில் இந்தப் பழம் விளைவதில்லை. வடகோடியின் வெயில் கருந்திராட்சைக்குத்தான் ஏற்றது. ஷார்டொனே, பள்ளத்தாக்கின் தெற்கே, மூடுபனி நெடுநேரம் தங்கும் ஓக் நோல் பகுதியிலிருந்து வருகிறது. நாங்கள் எந்தத் தோட்டத்தின் அழகில் மயங்கி நின்றோமோ அதற்கும் அந்த மதுவுக்கும் நேரடி உறவில்லை!

செய்முறையை மருமகன் விளக்கிச் சொன்னான். அங்குள்ளவர்களும் பொறுமையாகச் சொன்னார்கள். சிவப்பு மதுவுக்குத் தோலோடு புளிக்க வைப்பார்கள். வெள்ளைக்கு முதலிலேயே பழத்தைப் பிழிந்து தோலை நீக்கிவிடுவார்கள். சாறு எஃகுத் தொட்டியில் குளிர்ச்சியாக, மெதுவாகப் புளிக்கிறது. சர்க்கரை முழுதும் சாராயச் சத்தாக மாறிய பின் அதைக் கருவாலிப் பீப்பாய்களில் ஊற்றி மாதக்கணக்கில் வைக்கிறார்கள். கருவாலி என்று விவிலியத்தில் நாம் வாசிக்கும் மரந்தான் ஆங்கிலத்தில் ஓக். ஆபிரகாம் கூடாரமடித்த மம்ரே நினைவுக்கு வருகிறதல்லவா?

இந்தப் பீப்பாயின் கதை மதுவின் கதையைவிட எனக்குச் சுவையாயிருந்தது. மரம் பிரான்சு நாட்டுக் காடுகளிலிருந்து வருகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர், கடற்படைக் கப்பல்களுக்கு மரம் வேண்டுமென்று கருவாலிக் காடுகளைக் காத்து வளர்க்கச் செய்தார். அவை முதிர்வதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. கப்பலுக்கென்று காத்த காடு பீப்பாய்க்கு உதவிற்று. நூற்றைம்பது ஆண்டு நின்ற மரத்திலிருந்து இரண்டு மூன்று பீப்பாய்களே கிடைக்கும். மரத்தை வாளால் அறுப்பதில்லை, நாரின் போக்கிலே பிளக்கிறார்கள். அறுத்தால் துளைகள் திறந்து ஒழுகும். பிளந்த பலகைகளை இரண்டு மூன்று ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் அடுக்கிப் போட்டுவிடுகிறார்கள், மரத்தின் கசப்பு கழியட்டும் என்று. பின்பு ஒரு பக்கம் இரும்பு வளையத்தில் நிறுத்தி, நடுவே தீ மூட்டி, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வளைக்கிறார்கள். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதுதான் பீப்பாய். ஒன்றின் கொள்ளளவு 225 லிட்டருக்குச் சற்று மேலும் கீழுமாக இருக்கும். புதியது ஆயிரம் டாலருக்கு மேல் விலை.

உட்புறம் தீயில் வாட்டப்படுவதால் மரத்தில் வெனிலா மணமும் வறுத்த முந்திரி போன்ற வாசனையும் பிறக்கின்றன. கருவாலிக்கே இயல்பான ஒரு பொருள் கொப்பரைத் தேங்காயின் மணத்தை ஒத்தது. அவையெல்லாம் மெல்ல மதுவில் இறங்குகின்றன. அதைவிட முக்கியமானது மரம் மூச்சு விடுகிறது என்பது. கண்ணுக்குத் தெரியாத அளவில் காற்று உள்ளே செல்லும், மது ஆவியாகி வெளியேறும். குறைந்த அளவுக்கு வாரந்தோறும் நிரப்ப வேண்டும், இல்லையேல் மேலே தங்கும் காற்றால் காடியாகிவிடும். ஆவியாய்ப் போன பங்குக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் வானதூதர் பங்கு. அண்ணன் இருந்த நாளில் எங்கள் வீட்டில் குறைந்துபோனவற்றை எவரும் அப்படிச் சொல்லவில்லை.

புதுப் பீப்பாய் மிகுந்தால் மரந்தான் மணக்கும், பழம் மறைந்துவிடும். ஒரு காலத்தில் கலிபோர்னியாவில் பலர் அப்படித்தான் செய்தார்கள், வாங்குவோரும் அதையே உயர்வென்று எண்ணினார்கள். மோன்டெலீனாவில் பழைய பீப்பாய்களே அதிகம். பழத்தின் இயற்கைப் புளிப்பை மழுக்கும் இரண்டாவது புளிப்பு மாற்றத்தையும் அவர்கள் நடக்க விடுவதில்லை. ஆகையால் அவர்களுடைய வெள்ளை மது பல ஆண்டு புட்டியில் கிடந்து முதிரும் என்கிறார்கள்.

1972-இல் ஜிம் பாரெட் என்னும் வழக்கறிஞர் கூட்டாளிகளோடு மாளிகையை வாங்கிப் பாழ்பட்ட தோட்டத்தைத் திருத்தினார். மது செய்ய அவர் அமர்த்தியவர் மைக் கெர்கிச். இந்த மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

அவர் 1923-இல் குரோவேசியாவில் தெஸ்னே என்னும் சிற்றூரில் பதினொரு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். நடை பழகிய பருவத்திலேயே வீட்டுத் தொட்டியில் திராட்சையை மிதித்தவர். சாகிரேப் பல்கலைக்கழகத்தில் திராட்சை வேளாண்மை படித்தார். அப்போது அந்நாடு பொதுவுடைமை ஆட்சியின்கீழ் இருந்தது. 1954-இல் மேற்படிப்பு என்று சொல்லி மேற்கு செருமனிக்குப் புறப்பட்டவர் திரும்பவில்லை. கையில் அட்டையால் ஆன சிறு பெட்டி, காலணியின் அடியில் வைத்துத் தைத்த 32 டாலர். பின்னர்க் கனடாவில் காத்திருந்து, 1958-இல் நாபாவுக்கு வந்தார். சிறு மதுச்சாலை ஒன்றில் தொடங்கி, லசாலே சகோதரர்களிடமும் சிறிது காலம் வேலை செய்தார். பிறகு போலியுவில் ஒன்பது ஆண்டுகள், அதன்பின் ராபர்ட் மொண்டாவியிடம் என்று ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொன்று கற்றார். மோன்டெலீனாவுக்கு வந்தபோது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பதினான்கு ஆண்டுகள் பிறர் நிலவறையில் உழைத்த கை அது.

1973-ஆம் ஆண்டின் ஷார்டொனே அந்தக் கையால் ஆனது. பழத்தில் பெரும்பங்கு அண்டை மாவட்டமாகிய சோனோமாவிலிருந்து விலைக்கு வாங்கியது. சொந்தத் தோட்டம் இன்னும் காய்க்கவில்லை.

1976-ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு. பாரீசில் மதுக்கடை நடத்திய ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேயர், அவ்வாண்டு மே 24-ஆம் நாள் ஒரு சுவைத்தேர்வு ஏற்பாடு செய்தார். நடுவர் ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர், அத்துறையில் பெரும்புள்ளிகள். பத்து வெள்ளை மதுக்களில் ஆறு கலிபோர்னியாவுடையவை, நான்கு பர்கண்டியின் பேர்பெற்ற தோட்டங்களுடையவை. புட்டியின் பெயர் தெரியாமல் சுவைத்து இருபதுக்கு மதிப்பெண் இட வேண்டும். அமெரிக்கப் புட்டிகள் சுங்கத்தில் சிக்காதிருக்க, பிரான்சைச் சுற்றிப் பார்க்கச் சென்ற கலிபோர்னியத் திராட்சைக்காரர் குழு அவற்றைத் தங்கள் மூட்டை முடிச்சோடு சுமந்து சென்றது. முடிவு எல்லாருக்கும் தெரிந்ததே என்பதால் செய்தியாளர்களை அழைத்தும் ஒருவரைத் தவிர எவரும் வரவில்லை. வந்தவர் 'டைம்' இதழின் ஜார்ஜ் டேபர். கையில் பட்டியல் வைத்திருந்த அவருக்கு எது எந்த நாட்டு மது என்று தெரியும். நடுவர் ஒருவர் நாபா மதுவைச் சுவைத்துவிட்டு, பிரான்சுக்குத் திரும்பி வந்துவிட்டோம் என்று மகிழ்ந்ததைக் கேட்டு அவர் தம் குறிப்பேட்டை இன்னும் கவனமாக எழுதலானார்.

கூட்டிப் பார்த்தபோது வெள்ளையில் முதலிடம் 132 புள்ளிகளோடு மோன்டெலீனா. இரண்டாவது 126.5 பெற்ற பர்கண்டியின் மெர்சோ. பின்னர் நடந்த சிவப்பு மதுத் தேர்விலும் நாபாவைச் சேர்ந்த ஒன்றே முதலாவதாயிற்று. நடுவர் ஒருவர் தம் மதிப்பெண் தாளைத் திருப்பித் தரும்படி கேட்டார். கொடுக்கவில்லை. பாரெட் அச்சமயம் போர்தோ பகுதியில் ஒரு விருந்தில் இருந்தார், செய்தி தொலைபேசியில் வந்தது. மாளிகையில் இருந்த கெர்கிச்சோ என்ன நடந்ததென்று சரியாகப் புரியாமலே பீப்பாய்களுக்கு நடுவே ஆடினாராம். அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறு ஆண்டே கூட்டாளி ஒருவருடன் ரதர்போர்டில் தமக்கென ஒரு மதுச்சாலை தொடங்கினார். 2023 திசம்பரில், நூறு வயது நிறைந்து, இறந்தார். வாசிங்டனிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் 1973-இன் மோன்டெலீனாப் புட்டி ஒன்றையும், அவருடைய அட்டைப் பெட்டியையும் வைத்திருக்கிறார்கள். புட்டியைவிடப் பெட்டியைத்தான் நான் பார்க்க விரும்புவேன்.

நிலவறைக்குள் கால் வைத்ததும் குளிர் முகத்தில் அடித்தது. அரையிருட்டில் வரிசை வரிசையாகப் பீப்பாய்கள். அந்த வாசனை எனக்குப் புதிதல்ல என்று தோன்றிற்று. எங்கே, எங்கே என்று நினைவைத் துழாவினேன். மேலே வந்து மேசையருகில் அமர்ந்து, பணிவுள்ள ஓர் இளம்பெண் இரு கிண்ணங்களில் இரண்டு விரற்கடை அளவு வெள்ளை மதுவை ஊற்றியபோதுதான் விடை கிடைத்தது. நான் குடிப்பதில்லை என்று மருமகன் முன்கூட்டியே சொல்லியிருந்தான். "முகர்ந்து பார்க்கலாமே" என்றாள் அவள். முகர்ந்தேன். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், அவற்றுக்கும் கீழே எங்கோ மரம். சக்ரீஸ்து அலமாரியின் கதவைத் திறந்தால் வருமே, அந்த மரவாசனை! ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அப்பாவின் கை என் தோளில் இருந்தது போலிருந்தது.

ஒரு வாய் குடித்தால் என்ன என்ற எண்ணம் வராமலில்லை. மறைக்க விரும்பவில்லை, வந்தது. இது சாராயமன்று. கானாவூர்க் கலியாணத்தில் ஆண்டவர் தந்ததும் இந்த இனந்தான். பூசை இரசம் கலப்படமற்ற இயற்கைத் திராட்சை இரசமாக இருக்க வேண்டுமென்பது திருச்சபைச் சட்டம். அதே திருச்சபை, குடிநோயால் துன்புறும் குருக்கள் ஆயரின் அனுமதியோடு 'முஸ்தும்' என்னும் புளிப்பு நிறுத்திய சாற்றைக் கொண்டு பலி நிறைவேற்றலாம் என்றும் 2003-ஆம் ஆண்டுக் கடிதத்தில் உறுதி செய்திருக்கிறது. ஒரே பழத்தின் சாறு ஒருவருக்கு மகிழ்ச்சி, ஒருவருக்கு நஞ்சு என்பதைத் தாயாகிய திருச்சபை அறியும். அதை என் தாயும் அறிந்திருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

மருமகன் தன் கிண்ணத்தில் ஒரு வாய் சுவைத்துவிட்டு, மீதியையும் என்னுடையதையும் அங்கு வைத்திருந்த கலயத்தில் ஊற்றினான். "கார் ஓட்ட வேண்டும் மாமா" என்றான். சுவைத்துத் துப்புவதற்கும் மிச்சத்தைக் கொட்டுவதற்கும் அந்தக் கலயத்தை வைத்திருக்கிறார்கள். எவரும் தவறாக எண்ணுவதில்லை. விலையைக் கேட்க வேண்டாமென்று இருந்தவன் கேட்டுவிட்டேன். அண்ணன் குடித்த காலத்தில் எங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவை விடக் கூடுதல்.

பிறகு ஏரிக்கரையில் ஒரு பலகையில் உட்கார்ந்தோம். காற்றில்லை, மண்டபத்தின் நிழல் தண்ணீரில் அசையாமல் கிடந்தது. வெகுநேரம் பேசாதிருந்தவன், "மாமா, பெரிய மாமாவைப் பற்றி அம்மா ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே கல்லறைத் திருநாளன்று கல்வெட்டில் பெயரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்" என்றான்.

சொன்னேன். அவர் கோவில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்ததையும், தங்கையைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டதையும் முதலில் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். கடைசி மாதத்தில் அவர் என்னிடம் கேட்டது, அதற்கு நான் கடுமையாகச் சொன்ன பதில், அதுவும். முப்பது ஆண்டுகளாய் ஒருவரிடமும் சொல்லாதது. அவன் குறுக்கே பேசவில்லை. தோட்டத்தில் எங்கோ தொழிலாளர் இருவர் இசுபானிய மொழியில் உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் மலைக்குப் பின்னால் சாயவே எழுந்தோம். சந்தைக் கடந்து பெருஞ்சாலையில் ஏறியதும், "அவர் முகம் எப்படியிருக்கும் மாமா?" என்று கேட்டான். அவருடைய கலியாணப் படம் ஒன்று என் பழைய செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது, ஊர் போனதும் அனுப்பி வைக்கிறேன் என்றேன்.